கான்டால் மேட்டில் ஒரு நெரை

பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் கண்ணாடிக் கூண்டு இருந்தது, உட்காரப் பெஞ்சு இருந்தது, நேரம் போட்ட பலகையும் இருந்தது. பலகையில் போட்டிருந்த நேரம் தாண்டியது. அடுத்த பஸ்ஸின் நேரமும் தாண்டியது. ரோட்டில் ஒரு டிராக்டர் மட்டும் போனது. ஓட்டியவர் எனக்குக் கையாட்டினார், நானும் ஆட்டினேன். அவர் தன் வேலையை முடித்துத் திரும்பி வரும்போதும் நான் பெட்டியோடு அங்கேயே நின்றேன். வண்டியை நிறுத்தி, போன் பண்ணினீர்களா என்று கேட்டார். யாருக்கு என்றேன். பஸ்ஸுக்கு என்றார்.

பிரான்சின் நடுவில், கான்டால் என்ற மலைநாட்டில் இதுதான் வழக்கமாம். முந்தின நாளே போன் செய்து, இன்ன நிறுத்தத்தில் இன்னார் ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் பஸ் கிளம்புவதே இல்லை. எங்கள் மூணாறில் ஆள் நிரம்பாமல் ஜீப் கிளம்பாது. எட்டுப் பேர் இடத்தில் பதினான்கு பேர் ஏறினாலும், இன்னும் ஒருவர் வரட்டும் என்று டிரைவர் டீ குடிப்பார். இங்கே ஒரே ஒரு ஆளுக்காகவும் பஸ் வரும், சொன்னால். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

டிராக்டர்காரர் பெயர் ஜெரோம். எங்கள் சர்ச் தெருவில் மூன்று ஜெரோம்கள் உண்டு என்று சொன்னதும் சிரித்தார். மாடு வளர்ப்பவர், நாற்பது வயதிருக்கும். என் பெட்டியை வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே செருகி, என்னை மட்கார்டின் மேல் உட்கார வைத்துக் கொண்டுபோனார். அப்படித்தான் நான் ஒதில் வீட்டு வாசலில் போய் இறங்கினேன், தலைமுடி முழுக்க வைக்கோலோடு.

ஒதில் யார், நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுப்பட்டி அணைக்கு மேலே, எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீடு கட்டிக் குடியேறிய சிற்றூர் எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்தவள். அப்பா ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் இருந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போய் டூரிஸம் படித்து, அதோடு பிரெஞ்சும் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படித்துவிட்டு வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் ஒரே கதைதான். மலையில் வழி தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் விருந்தினர்களைக் கூட்டிப் போகிற கைடு வெளியூர்க்காரர். எஸ்டேட் பிள்ளைகள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அது பிடிக்காமல் நானும் இரண்டு தோழிகளும் சொந்தமாக நடைப் பயணம் நடத்தத் தொடங்கினோம்.

அப்படி எங்களோடு நடக்க வந்தவர்தான் ஒதில். தன் ஊரில் அவரும் இதே தொழில் செய்கிறார். காரை ஓரம் கட்டிவிட்டு, ஒரு வாரம் கிராமம் கிராமமாக நடப்பது, வழியில் கிடைப்பதைச் சாப்பிடுவது, யார் வீட்டிலாவது தங்குவது. மெதுவான பயணம் என்பது அதற்குப் பெயர். எங்கள் ஊர் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஜனவரியில் தன் ஆட்களை அனுப்புகிறேன், தங்குவதும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு, கைடு மட்டும் பிரான்சிலிருந்து வருவார் என்றார். ஏன், நான் இருக்கிறேனே என்றேன். அவர் சற்று யோசித்தார். என் ஊருக்கு வந்து என் விருந்தினர்களை ஒரு நாள் நடத்திக் காட்டு, அவர்கள் மகிழ்ந்து திரும்பினால் கைடு நீதான் என்றார். எங்கள் மலையில் நான் கைடா, சமையல்காரியா என்பது கான்டாலில் முடிவாக வேண்டியிருந்தது.

முதல் சில நாட்கள் சாப்பாட்டில் போயின. இந்த மலைக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் இருந்தால் போதும். கிழங்கை மெல்லிசாக அரிந்து கொழுப்பில் வதக்கி, அதில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிளறுகிறார்கள். கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்கு நூல் வருகிறது. பூண்டு தாராளம். பச்சைமிளகாய் மட்டும் இரண்டு கிள்ளிப் போட்டிருந்தால் நான் அந்த வீட்டிலேயே தங்கியிருப்பேன். எரிமலை மண்ணில் விளைகிற மஞ்சள் பருப்பு ஒன்று உண்டு. அதை வேகவைத்து, ஆறவைத்து, எண்ணெயும் வினிகரும் ஊற்றித் தருகிறார்கள். ஆறின பருப்பை எங்கள் வீட்டில் மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும், அதுவும் மாட்டுத் தொட்டியில். ஆனால் இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து, அவர்களை விருந்தினர்களாக நினைத்து நடத்து என்றார் ஒதில். பீச் என்கிற உயர்ந்த காட்டு மரங்களுக்குள் ஏறுகிற பாதை. நான் முன்னால் நடந்தேன். காற்று குளுமையாக இருந்தது, எங்கள் ஊர்க் காற்றுப் போலவே. மேட்டின் உச்சிக்குப் போய், இங்கேயிருந்து பார்த்தால் தெரிகிற மலைகளின் பெயர்களைச் சொல்லத் திரும்பினேன். பின்னால் ஒருவரும் இல்லை. கல் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தேன். கடைசியில் ஒதில் மூச்சு வாங்க வந்தார்.

“நீ எங்களைக் கூட்டிப் போகவில்லை. எங்களிடமிருந்து தப்பி ஓடினாய்” என்றார்.

அடுத்த நாளும் அதேதான் நடந்தது. மெதுவாக நட என்று காலுக்குச் சொல்கிறேன். பத்தடி கேட்கிறது, பதினோராவது அடியில் பழைய புத்திக்கு வந்துவிடுகிறது. காரணம் எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு மஸ்டர் என்று பெயர். பேர் கூப்பிட்டு முடிவதற்குள் போய் நிற்காவிட்டால் அன்றைய வேலை கிடையாது. அம்மா, அத்தைகள், சித்திகள் எல்லோரும் இருட்டில் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பின் கதவைச் சாத்திவிட்டு மஸ்டருக்கு ஓடினவர்கள். அவர்கள் பின்னால் ஓடித்தான் நான் நடக்கப் பழகினேன். மெதுவாக நடப்பது எங்கள் வம்சத்தில் யாரும் செய்து பார்க்காத காரியம்.

மத்தியானம் அம்மாவைப் போனில் பிடித்துப் புலம்பினேன்.

“ஏட்டி, அவுக காசு குடுத்து நடக்க வந்துருக்காவ. நீ அவுகள மஸ்டருக்கா வெரட்டுத?” என்றாள்.

“மெதுவா நடக்க வரலம்மா.”

“எனக்கு மட்டும் வருமாக்கும்? கல்யாணத்தன்னைக்கு கோயில சுத்தி வரும்போது ஒங்க அப்பாவ விட்டுட்டு நா மொத ஆளா போயி நின்னேன். இன்னிக்கும் அந்த மனுசன் அத சொல்லிச் சிரிக்காரு.”

அவளிடம் யோசனை எதுவும் இல்லை. ஆனால் போனை வைக்கும்போது எனக்கு மனம் லேசாகியிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெரோமின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். சாயங்காலம் என்பது பேருக்குத்தான். கோடையில் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிறது. அவருடைய மாடுகள் சலேர் என்ற இனம். செம்பட்டை நிறம், சுருள் முடி, யாழ் போல வளைந்த கொம்பு. கன்றுகளைத் தனியாக ஒரு வேலிக்குள் வைத்திருந்தார். ஒரு பெயரைக் கூப்பிட்டார்; அந்தப் பசுவின் கன்று மட்டும் வேலிக்குள்ளிருந்து ஓடிவந்தது. அது இரண்டு மடக்கு குடித்ததும் இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்டினார். அதன் முதுகில் ஒரு கை உப்பைத் தூவினார். பசு உப்பை நக்கிக்கொண்டே நிற்க, மிஷினை மாட்டிப் பால் கறந்தார். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மாடு ஒரு சொட்டு விடாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுப்பட்டிப் பண்ணையில் இருக்கும் சீமை மாடுகள் கன்று இல்லாமலே குடம் குடமாகக் கறக்கும். எங்கள் லயத்துக் கொட்டகையில் அப்பா வைத்திருந்த நாட்டுப் பசு அப்படியில்லை. கன்றை ஊட்ட விட்டால்தான் அதற்குப் பால் சுரக்கும். சீமைக்கே வந்து பார்த்தால் இங்கேயும் ஒரு நாட்டு மாடு நிற்கிறது. இதை ஜெரோமிடம் சொன்னேன். நீங்கள் உப்புப் போடுவீர்களா என்று கேட்டார். எங்கள் மாடு உப்பில்லாமலே நக்கும் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த நட்பு ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் காலையில், விருந்தினர்களை நடத்தப்போகும் பாதையைப் பழகிக்கொள்ளத் தனியாகப் போனேன். ஜெரோமின் நிலத்தில் ஒரு இரும்புக் கேட் விரியத் திறந்து கிடந்தது. எங்கள் ஊரில் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை ஊரே பேசும். விடிவதற்குள் காட்டுமாடுகள் புகுந்து காரட் பாத்தியைச் சேறாக்கியிருக்கும். யாரோ பொறுப்பில்லாதவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, கேட்டை இழுத்து மூடி, கொக்கியும் போட்டு, மேலே ஒரு கல்லையும் சாய்த்து வைத்துவிட்டு நடந்தேன். நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது.

சாயங்காலம் ஜெரோம் ஒதில் வீட்டுக்கு வந்தார். மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததாம். வெயில் ஏறின நாளில் மந்தை முழுக்க வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்ததாம். இங்கே வழக்கம் ஒன்றுதான்: திறந்திருக்கும் கேட் திறந்தபடி, மூடியிருக்கும் கேட் மூடியபடி, வழிப்போக்கர் இரண்டையும் மாற்றக் கூடாது. கல்லையுமா சாய்த்து வைப்பார்கள் என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒதிலைப் பார்த்துக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டேன். காட்டுமாடுகளைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு பெரிது என்றார். என் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினேன். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெரோமின் நிலத்தில் பால் கறப்பதைப் பார்ப்பதுதான் என் நடையின் கடைசிக் கட்டம். அதை மாற்றிக்கொள்கிறாயா என்று இரவுச் சாப்பாட்டில் ஒதில் கேட்டார். மாட்டேன் என்றேன்.

நடை நாள் வந்தது. விருந்தினர்கள் எட்டுப் பேர். ஒதிலும் ஒருவராகக் கடைசியில் நடந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். பாரீசிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர், முழங்கால் வலிக்காரர், இரண்டு கையிலும் ஊன்றுகோல். அந்த அம்மாவை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவர் கோல் ஊன்றினால் நான் ஓரடி என்று நடந்தேன். காலை அப்படியே போயிற்று. ஒருவர் மஞ்சள் பூவைப் படமெடுக்கக் குனிந்தார், இன்னொருவர் அந்தப் பூவின் வேர் நிலவேம்பை விடக் கசக்கும் என்பதை என்னிடம் மென்று பார்க்கக் கொடுத்தே நிரூபித்தார். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஆனால் அது பல்லைக் கடித்துக்கொண்ட பொறுமை. மத்தியானம் ரொட்டியும் பருப்பும் சாப்பிடும்போது, எல்லாம் சரியாகத்தான் போகிறது, ஆனால் யாருக்கும் மனதில் நிற்கப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஜெரோமின் நிலத்துக்கு வந்தபோது மலையிலிருந்து மூடுபனி, எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சு, இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு பசு வேலியோரம் நின்று விடாமல் கத்தியது. ஜெரோம் நாலு சக்கர வண்டியில் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்தாமலே, இன்றைக்குக் கறவை இல்லை, திரும்பிப் போங்கள் என்றார்.

பிறந்து சில நாளே ஆன கன்று வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டதாம். இடுப்பளவு புல்லும் பெரணிச் செடியும் மண்டிய சரிவு அது. அந்த வயதுக் கன்று பயந்தால் ஓடாது, கத்தாது, காதை மடக்கிக்கொண்டு தரையோடு படுத்துவிடும். மஞ்சு மூடிவிட்டால் ராத்திரிக் குளிரும் நரியும் மிச்சம் வைக்காது. தாய் கத்துகிற கத்தலில் மற்ற மாடுகளும் பால் விடாமல் மிரண்டு நின்றன.

எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற ஒதிலும் பார்த்தார். பாதை பத்திரமாக இருக்கும்போதே திரும்பிக் கூட்டிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் ஜெரோமின் வண்டிக்கு எதிரே போய் நின்றேன்.

“வண்டியை அணைச்சிடுங்க. எங்களைச் சரிவுல இறங்க விடுங்க.”

“எட்டுப் பேர் ஓடினால் கன்று இன்னும் உள்ளே போய்விடும்.”

“ஓட மாட்டோம். நெரை போட்டு வருவோம்.”

நெரை என்பதைத் தமிழிலேயே சொன்னேன். அதற்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியாது, இருக்கவும் இருக்காது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்க நிற்கும்போது ஆளுக்கு ஒரு வரிசைச் செடி. அதுதான் அவள் நெரை. எல்லோரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். தன் நெரையில் ஒரு செடியைக்கூட விட்டுவிட்டுத் தாண்டக் கூடாது. ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நெரைக்காரி கை நீட்டி அவள் செடியையும் பறித்துக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வாள். மஸ்டருக்கு ஓடின அதே பெண்கள் நெரையில் நின்றதும் எப்படி நடப்பார்கள் என்பதை விடுமுறை நாட்களில் அம்மாவோடு நின்று பார்த்திருக்கிறேன். அங்கே அவசரத்துக்கு இடமே இல்லை. அதுவும் எங்கள் நடைதான். இவ்வளவு நாள் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கல் சுவரையொட்டி எல்லோரையும் பக்கம் பக்கமாக நிறுத்தினேன். இரண்டு பேருக்கு நடுவில் இரண்டு கை அகலம். உங்கள் கால் முன்னால் இருப்பது உங்கள் நெரை, ஒவ்வொரு புல் கொத்தையும் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி, யாரும் யாரையும் முந்தக் கூடாது, கண்டால் கத்தாமல் கையைத் தூக்குங்கள் என்றேன். பல் மருத்துவர் தன்னால் சரிவில் முடியாதே என்றார். நீங்கள் பின்தங்கினால் நாங்கள் நிற்போம், அதுதான் சட்டம் என்றேன். அவரை நடுவில் விட்டு அவருக்கு அடுத்த நெரையில் நான் நின்றேன். ஒதில் கேட்காமலே ஒரு நெரையில் வந்து நின்றார். ஜெரோம் வண்டியை அணைத்துவிட்டு ஓரத்து நெரையை எடுத்துக்கொண்டார்.

இறங்கினோம். ஊன்றுகோலால் பெரணியை விலக்கும் சத்தமும் புல்லின் சத்தமும்தான். மஞ்சு எங்கள் தோள் வரைக்கும் வந்துவிட்டது. ஓரத்தில் நின்றவர்கள் நிழல் போலத் தெரிந்தார்கள். பல் மருத்துவர் நின்றால் இடமும் வலமுமாக எல்லோரும் நின்றார்கள். அவருடைய நெரையில் நான் கொஞ்சம், அந்தப் பக்கத்துக்காரர் கொஞ்சம் விலக்கிப் பார்த்தோம். என் கால் ஒரு தடவைகூட முந்தவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

சரிவின் அடியில், ஊற்றுத் தண்ணீர் கசியும் இடத்தில், பல் மருத்துவரின் இடது கோல் மேலே உயர்ந்தது. அவர் உதட்டில் விரலை வைத்திருந்தார். பெரணிக்குள் செம்பட்டை நிறத்தில் ஒரு சுருள். இரண்டு காதும் மடங்கியிருந்தன. ஈரக் கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

ஜெரோம் கன்றைத் தோளில் போட்டு மேலே தூக்கி வந்தார். தாய் அதைத் தலையிலிருந்து வால் வரை முகர்ந்தது. கன்றை ஊட்ட விட்டு, முன்னங்காலில் கட்டி, உப்பு டப்பாவைத் திறந்தவர் என் பக்கம் நீட்டினார்.

“நீ போடு” என்றார்.

ஒரு கை அள்ளிப் போட்டேன். பசு கன்றின் முதுகையும் நக்கியது, என் கையையும் நக்கியது. பால் இறங்கும் சத்தம் கேட்டதும் எட்டுப் பேரும் கல்யாண வீட்டில் போலக் கை தட்டினார்கள். ஜெரோம் அவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் எரிமலையைப் பற்றியோ பூவைப் பற்றியோ பேச்சே இல்லை. பல் மருத்துவர் தன் நெரையின் கதையை நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பெரணி ஒரு சாண் உயர்ந்தது. தன்னால்தான் எல்லோரும் தாமதமாகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க நடைப் பயணங்களில் வெட்கப்பட்டவராம் அவர். இன்றைக்குத்தான் யாரும் தனக்காகக் காத்திருக்கவில்லை, தன்னோடு நடந்தார்கள் என்றார். ஜனவரியில் மூணாறில் தேயிலைக் காட்டில் நிஜ நெரை பார்க்க வேண்டும், என் பெயரை எழுதிக்கொள் என்று ஒதிலிடம் சொன்னார். இன்னும் நான்கு கைகள் உயர்ந்தன.

ஒதில் ரொட்டியை நறுக்கிக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

“அந்தக் கைடுக்குக் காலையிலேயே போன் பண்ணிவிடுகிறேன். ஜனவரியில் அவர் வேறு எங்காவது போகட்டும்.”

நான் நன்றி சொல்லவில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள், எங்கள் ஊர் தாங்காது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், சரி என்றார்.

மறுநாள் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு முந்தின நாளே போன் செய்திருந்தேன். நல்ல பிரெஞ்சில், பெயரும் நிறுத்தமும் சொல்லி. எனக்கு ஒருத்திக்காக அது சொன்ன நேரத்துக்கு வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டாள். கன்று கிடைத்ததா என்பதை இரண்டு தடவை கேட்டாள்.

“பன்னெண்டு பேரா? அத்தன பேருக்கும் யாருட்டி சமைக்க?”

“ஆள் போட்டு, சம்பளம் குடுத்து வச்சுக்கலாம்மா.”

“நா இல்லியாக்கும்? வெலைக்கு ஆளு வச்சு ஆக்குன சாம்பார அவுக தின்னுட்டு, நம்மூரு சாப்பாடு இவ்வளவுதான்னு போறதுக்கா? நானே ஆக்குதேன். சம்பளம் குடுத்துரு. ஆனா சொல்லிப்புட்டேன், அடுப்படியில நீ வந்து அதிகாரம் பண்ணக் கூடாது.”

“பண்ணலம்மா. அடுப்படி ஒனக்கு. மலை எனக்கு.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. செம்பட்டை மாடுகள் சரிவில் நின்றன.

“எல்லாரையும் நீதான் கூட்டிட்டுப் போவியா? கைடுன்னு வேற ஆரும் வர மாட்டாவளா?”

“நான்தாம்மா கைடு.”

“அப்ப சரி” என்றாள். “வாரவகளுக்கு நல்ல அரிசி சொல்லி வைக்கணும்.”